பித்தளையில் வெட்டிய பேர்

புன்கிம் எதையும் மூன்று பேரிடம் கேட்காமல் நம்பமாட்டான். கடைவீதிக் கடிகாரத்தில் மணி பார்த்த பிறகும் எதிரே வருகிறவரை நிறுத்தி மணி கேட்பான். அவர் சொன்னதையும் அடுத்த கடையில் சரிபார்ப்பான். அவன் அம்மா அவனுக்குப் பெண் பார்ப்பதையே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். "இவன் கல்யாணத்தன்னிக்கு மூணு பேரக் கேட்டுட்டுத்தான் பொண்ணு மூஞ்சியையே பார்ப்பான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். புன்கிம்மும் கூடச் சிரிப்பான். ஆனால் பழக்கத்தை விடவில்லை. தன் கண்ணும் காதும் தன்னை ஏமாற்றிவிடும் என்ற பயம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

சீனாவில் அமாய் துறைமுகத் தபாலாபீஸில் அவன் இளைய குமாஸ்தா. பகலில் கடிதம் பிரிப்பான். விளக்கு வைத்த பிறகு பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வகுப்புக்குப் போவான். அங்கே இருந்தவர்களில் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுகிறவன் அவன் ஒருவன்தான். வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் வியர்த்துவிடும்.

அரசாங்கம் அப்போது உள்நாட்டில் புதுப்புதுத் தபாலாபீஸ்களைத் திறந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளை முத்திரை. மேலே சீன எழுத்தில் ஊர்ப் பேர், கீழே ஆங்கில எழுத்தில் அதே பேர், நடுவில் தேதி. முத்திரையை ஷாங்காயில் வெட்டுவார்கள். ஆங்கில எழுத்தில் பேர் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஆபீஸ் திறக்கப் போகிற குமாஸ்தா எழுதி அனுப்ப வேண்டும்.

ஆற்றில் கடல் ஏற்றம் பார்த்து மேலே போனால் அரைநாள் தூரத்தில் ஒரு படகுத்துறைச் சந்தை. அங்கே ஆபீஸ் திறக்க புன்கிம்மை அனுப்பினார்கள். புறப்படும் முன் போஸ்ட்மாஸ்டர் துரை அவனைக் கூப்பிட்டார். பல வருஷமாக இங்கேயே இருப்பவர்; ஊர்ப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு.

"உன் ஊர்ப் பேர் என்ன?" என்றார்.

"ஏமுங், ஐயா."

"நம்ம முத்திரையில என்ன இருக்கு?"

"அமாய்."

"எவனோ ஒரு மாலுமி ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளு சொன்னதக் கேட்டான், எழுதிட்டான். இதாவது பரவாயில்ல. காண்டன்காரன் எவனாவது தன் ஊரைக் காண்டன்னு சொல்லிக் கேட்டிருக்கியா? மாகாணத்துப் பேர ஊர்ப் பேருன்னு நெனச்சுப் போர்ச்சுகீசுக்காரன் எழுதி வெச்சான். முந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. இனி யாரு மாத்தறது?" துரை சுருட்டைத் தட்டினார். "அதனால காதத் தீட்டிக்கிட்டுக் கேளு. பீகிங்ல எப்படிச் சொல்வான், புஸ்தகத்துல எப்படி இருக்குன்னு போகாத. அந்த ஊர்க்காரன் வாயில என்ன வருதோ அதை எழுது. அப்புறம் ஒண்ணு. 'துறை', 'சந்தை'ன்னு பொதுப்பேர் வேண்டாம். ஆத்தோரம் நூறு துறை இருக்கு."

"மூணு பேரைக் கேட்டு எழுதறேன், ஐயா."

"அதான் உன்னை அனுப்பறேன்" என்றார் துரை.

படகுக்காரர் பேர் காங் தியாம். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாத மனுஷர். முன்னால் நின்று மூங்கில் கழியை ஊன்றினார். பின்னால் நின்று துடுப்புப் போட்டது அவர் மகள் லுவான்.

"குமாஸ்தா ஐயா, அந்தப் பொட்டியில என்ன? கோழியா?"

"தராசு. கடிதம் நிறுக்க."

"கடிதத்தையா! எங்க மாமியார் பேச்சையும் நிறுத்துப் பாக்கலாமா?"

"அப்பா, அவரை விடுங்க. பாவம், ரெண்டு கையாலயும் படகைப் புடிச்சிட்டு உக்காந்திருக்காரு" என்றாள் லுவான். "ஐயா, நீங்க விட்டாலும் அது எங்கயும் ஓடாது."

புன்கிம் ஒரு கையை மட்டும் எடுத்தான். அவள் சிரித்த சத்தம் அவன் முதுகில் பட்டது. திரும்பிப் பார்க்கலாமா என்று யோசிப்பதற்குள் வளைவு வந்துவிட்டது.

வளைவில் கருங்கல் படிகள் தண்ணீருக்குள் இறங்கின. மேலே சந்தைக் கொட்டகை, அதன் பின்னால் நெருக்கமாகச் சில ஓட்டு வீடுகள். தண்ணீர் மட்டத்தில் இருந்த படிகள்கூடச் சிப்பி ஒட்டாமல் சுத்தமாக இருந்தன. ஆற்றில் மற்ற இடங்களில் அப்படி அவன் பார்த்ததில்லை.

"மாசாமாசம் தண்ணி வத்தற நேரம் பாத்து நாங்கதான் சுரண்டுவோம்" என்றார் தியாம். "எங்க தாத்தா போட்ட படி. இல்லேன்னா வழுக்கி விழுந்து மண்டைய உடைச்சுக்குவாங்க. ஐயா, தபாலாபீசுக்கு எங்க ஊர்ப் பேர்தானே போடப் போறீங்க? காங்சூ."

காங்சூ என்றால் காங் குடும்பத்தார் வீடு. அந்தப் பக்கத்து ஊர்ப் பேர்கள் பாதி அப்படித்தான். முதலில் வந்து குடியேறியவன் யாரோ, அவன் குடும்பப் பேரோடு வீடு என்று சேர்த்துக்கொள்வார்கள்.

"விசாரிச்சுத்தான் எழுதணும்" என்றான் புன்கிம்.

தியாம் கழியைப் படகில் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து குந்தினார். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "விசாரிங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். சுத்தி ஏழு ஊரும் யாப் குடும்பம். நாங்க இருக்கறது பதினோரு வீடு. துறையும் தங்களோடதுன்னு அவங்க ரெண்டு வருசமா சொல்லிட்டிருக்காங்க. எங்ககிட்ட பட்டா கிட்டா ஒண்ணும் கிடையாது. தாத்தா காலத்துல யாரு எழுதி வெச்சா? பேர் ஒண்ணுதான் இருக்கு. அது போச்சுன்னா துறை போச்சு. துறை போச்சுன்னா இந்தக் கழிய எங்க ஊன்றது?"

யாப் குடும்பத்துப் பெரியதனக்காரர் கெட்டவர் இல்லை. சந்தைக்குப் பக்கத்திலேயே தன் செலவில் பள்ளிக்கூடம் கட்டி வைத்திருந்தார். அதன் முன்னறையைத் தபாலாபீஸுக்கு வாடகை இல்லாமல் தருவதாகச் சொல்லி, வந்த அன்றே புன்கிம்மை வீட்டுக்கு அழைத்துப் போனார். உட்கார்ந்ததும் கிண்ணம் வந்தது. சர்க்கரைத் தண்ணீரில் இரண்டு அவித்த முட்டை.

புது விருந்தாளிக்கு அந்தப் பக்கத்தில் முதலில் வைப்பது அதுதான். பசி இல்லாவிட்டால் சாப்பிட வேண்டாம். ஆனால் சாப்பிடும் குச்சியால் முட்டையை உடைத்தே ஆக வேண்டும். உடைத்தால் உறவு. முழுசாக விட்டுவிட்டு எழுந்தால், உன் வாசலில் எனக்கு வேலை இல்லை என்று சொன்னதாக அர்த்தம். புன்கிம் உடைத்தான். ஒன்றரை முட்டையைச் சாப்பிடவும் செய்தான்.

"இந்த இடத்துக்கு யாப்சூன்னு பேர்" என்றார் பெரியதனக்காரர், வாயைத் துடைத்தபடி. "நான் சொல்றேன்னு எழுத வேணாம். நாளைக்குச் சந்தை. நாலு பேரக் கேட்டுக்குங்க."

அந்தப் பேச்சு புன்கிம்முக்குப் பிடித்திருந்தது. கேட்டுக்கொள் என்று சொல்கிறவர் நியாயமான ஆளாகத்தான் இருப்பார் என்று நினைத்தான்.

சந்தையில் ஒருவரோடு ஒருவர் சம்பந்தமில்லாத மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தான். இரண்டு குடும்பத்தையும் சேராதவர்களாக இருக்க வேண்டும் என்பதிலும் கவனமாக இருந்தான். அதுவரை அவன் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் உப்பு விற்கிறவன். "அண்ணே, இந்த ஊருக்கு என்ன பேர்?"

"இதா? காங்—" என்று ஆரம்பித்தவன் பார்வை புன்கிம்மின் தோளுக்கு மேலே போயிற்று. கையிலிருந்த உப்பை மறுபடியும் சாக்கில் போட்டான். "யாப்சூ. யாப்சூதான் ஐயா, வேற என்ன."

புன்கிம் திரும்பிப் பார்த்தான். கொட்டகைத் தூணில் சாய்ந்து பெரியதனக்காரரின் தம்பி மகன் பல் குத்திக்கொண்டிருந்தான். புன்கிம்மைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான்.

பன்றிக்குட்டி வியாபாரி கேள்வி முடிவதற்குள்ளேயே "யாப்சூ" என்றான். குட்டி ஒன்று கூடையிலிருந்து தலையை நீட்டிக் கத்தியது. "இது மட்டும்தான் ஒத்துக்க மாட்டேங்குது" என்று அதன் தலையை அமுக்கினான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நாவிதர் கத்தியைத் தோலில் தீட்டிக்கொண்டே சொன்னார்: "நான் வந்து போறவன். துறைன்னு சொல்லுவேன். பேரு வெக்கறது பொழைக்கறவன் வேலை இல்ல, தம்பி."

மூன்றில் இரண்டு. மூன்றாவது, துரை வேண்டாம் என்ற பொதுப்பேர்.

பள்ளிக்கூட முன்னறையில் உட்கார்ந்து புன்கிம் படிவத்தை எடுத்தான். எழுதும் முன் உப்புக்காரனின் முகம் வந்து நின்றது. அவன் ஏன் சொல்லை மாற்றினான்? தூணில் சாய்ந்தவனைப் பார்த்ததால்தானே? ஆனால் அது தனக்கு எப்படித் தெரியும்? வெயில் கண்ணில் பட்டிருக்கலாம். முதலில் சொல்ல வந்தது வேறு ஏதாவதாக இருக்கலாம். தன் காதை நம்பி எழுதலாமா? எண்ணிக்கை என்றால் எண்ணிக்கை, அதில் தன் புத்தி குறுக்கே வராது. இப்படி யோசித்து யோசித்து, தன்னை நம்பாத மனுஷன் தன் கணக்கை நம்பினான். ஆங்கில எழுத்தில் யாப்சூ என்று எழுதினான். ஊர்க்காரர்கள் வாயிலிருந்து கேட்டபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல்.

படிவம் மறுநாள் காலைப் படகில் போக வேண்டியது. மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

பொழுது சாயும் நேரத்தில் தியாம் வந்து நின்றார். "ஐயா, எங்க வீட்டு வாசலும் ஒரு தடவ மிதிக்கணும். பெரிய வீடு இல்ல. தலையக் குனிஞ்சு வந்தா எடம் இருக்கும்."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மறுப்பதற்குப் புன்கிம்முக்குக் காரணம் கிடைக்கவில்லை. லுவானைப் பார்க்கலாம் என்று நினைத்ததும் ஒரு காரணம். அதை அவன் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

அவள்தான் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு முட்டை.

"எங்க கோழி இட்டது" என்றாள். "யாப் வீட்டுக் கோழி மாதிரி பெருசா போடாது. ஆனா மனசோட போடும்."

"கோழிக்கு மனசு இருக்குன்னு இவளுக்கு யாரு சொன்னா?" என்றார் தியாம்.

"நீங்கதான். நேத்து அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தானே முட்டைய எடுத்தீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். புன்கிம் குச்சியைக் கையில் எடுத்தான். சட்டைக்குள் படிவம் நெஞ்சில் உரசியது.

"சந்தையில கேட்டீங்களாமே" என்றாள் லுவான்.

"கேட்டேன்."

"மூணு பேரயா?"

"மூணு பேரை."

"என்னைக் கேக்கலியே?"

"நீங்க ஒரு பக்கம். அப்படிக் கேக்கக் கூடாது."

"அப்ப அந்த உப்புக்காரன் எந்தப் பக்கம்? யாப் கொட்டகையில கடை போட்டிருக்கான். நாளைக்கு அவனுக்கு எடம் வேணுமா வேணாமா?"

புன்கிம் கிண்ணத்தைப் பார்த்தான். இந்த முட்டையை உடைத்தால் இவர்களுக்கு உறவாகிவிடுவான். உறவாகிவிட்டு, இவர்கள் பேரை எழுதாத படிவத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போவது பித்தலாட்டம். அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. யாப் வீட்டில் உடைத்தது அப்போது அவன் நினைவுக்கு வரவே இல்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்பதை அவன் பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறான். படிவத்தைக் கிழித்திருக்கலாம். காலைப் படகை விட்டுவிட்டு அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போய், தூணும் தூணில் சாய்ந்தவனும் இல்லாத இடத்தில் மறுபடியும் கேட்டிருக்கலாம். ஒரு வாரம் தாமதமானால் துரை ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்.

சர்க்கரைத் தண்ணீரை மட்டும் குடித்தான். குச்சியைக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தான்.

முட்டை இரண்டும் முழுசாக இருந்தன.

லுவான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பரவாயில்ல" என்றார் தியாம், வாசலைப் பார்த்துக்கொண்டு. "டவுன் வயிறு. எல்லாம் ஒத்துக்காது."

மறுநாள் படிவத்தை எடுத்துப் போனதும் தியாமின் படகுதான். உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

முத்திரை வந்து சேர மாதக்கணக்கில் ஆயிற்று. வைக்கோலில் சுற்றி, மரப்பெட்டியில் வந்தது. கனமாக, புது மஞ்சளாகப் பளபளத்தது. தலைகீழாக வெட்டியிருந்ததால் புன்கிம் அதைக் கண்ணாடியில் காட்டிப் படித்தான். அழகாகத்தான் வெட்டியிருந்தார்கள். அன்றைக்கு வந்த முதல் தபால் பெரியதனக்காரரின் தம்பி மகனுடையது. அனுப்புகிறவர் இதே ஊர், பெறுகிறவரும் இதே ஊர்ப் பள்ளிக்கூடம். தராசில் வைத்தால் உறையின் எடை மட்டும்தான் காட்டியது.

"உள்ள ஒண்ணும் இல்லையே" என்றான் புன்கிம்.

"இருக்கணும்னு சட்டமா? நல்லா அழுத்திக் குத்துங்க. எழுத்து தெளிவா விழணும்."

குத்தினான். எழுத்து தெளிவாக விழுந்தது.

அந்த உறையை அவன் அடுத்தமுறை பார்த்தது மாஜிஸ்ட்ரேட் கச்சேரியில். துறை யாருடையது என்ற வழக்கு. தியாமும் காங் குடும்பத்து ஆண்களும் ஒரு பக்கம் மண்டியிட்டிருந்தார்கள், பெரியதனக்காரரும் அவர் ஆட்களும் மறுபக்கம். புன்கிம்மை நடுவில் மண்டியிடச் சொன்னார்கள். மாஜிஸ்ட்ரேட் உறையைத் தூக்கிக் காட்டினார்.

"இது அரசாங்க முத்திரைதானா?"

"ஆமாங்க."

"உன் கையால குத்தினதா?"

"ஆமாங்க."

"இந்தப் பேர யாப் குடும்பம் உனக்குச் சொல்லிக் குடுத்துச்சா, நீயா விசாரிச்சியா?"

"விசாரிச்சேன். சந்தையில மூணு பேரைக் கேட்டேன்."

"அவங்க யாப் ஆளுங்களா?"

"இல்லீங்க."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேர் யாப்சூன்னாங்க. ஒருத்தர் துறைன்னார்."

"காங்சூன்னு யாராவது சொன்னாங்களா?"

உப்புக்காரன் பாதியில் நிறுத்திய சொல் புன்கிம்மின் நாக்கு நுனிவரை வந்தது. பாதிச் சொல். சொன்னதாக எடுத்துக்கொள்வதா, சொல்லாததாகவா? அவன் கேட்டது அதுதான் என்று சத்தியம் செய்ய முடியுமா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாஜிஸ்ட்ரேட் மேஜையைத் தட்டினார்.

"முழுசா... யாரும் சொல்லலீங்க" என்றான்.

'முழுசா' என்ற சொல்லை எழுத்தர் எழுதிக்கொள்ளவில்லை.

வெளியே வந்தபோது லேசான தூறல். காங் ஆட்கள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். தியாம் மட்டும் நின்றார். ஏசுவார் என்று எதிர்பார்த்துப் புன்கிம் தலையைக் குனிந்தான்.

"நீ பொய் சொல்லல, தம்பி" என்றார் தியாம். அதுவரை ஐயா என்று கூப்பிட்டவர். "பொய் சொல்லியிருந்தா உன்னை நாலு வார்த்த கேட்டுட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியா சோறு தின்னிருப்பேன்."

புன்கிம் அமாய் போய் துரையைப் பார்த்தான். நடந்ததைச் சொல்லி, பேரை மாற்ற வேண்டும் என்று கேட்டான். அந்த ஆபீஸில் அவன் குரலை உயர்த்திப் பேசியது அன்றைக்குத்தான். துரை பொறுமையாகக் கேட்டார். பிறகு புதிதாக அச்சாகி வந்த தபால் வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். ஆற்றின் வளைவில், பொடி எழுத்தில், யாப்சூ.

"மேப்புல ஏறியாச்சு. கப்பல் கம்பெனிக்குப் போயாச்சு. லண்டன்லகூட ஒரு பிரதி இருக்கும்." சுருட்டைப் பற்ற வைத்தார். "அந்தப் போர்ச்சுகீசுக்காரனுக்கு ஒரு துணை கிடைச்சுட்டான், போ."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். புன்கிம்முக்கும் அது தெரியும்.

தீர்ப்பு யாப் பக்கம் ஆகித் துறை போன பிறகு காங் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆற்றோடு இறங்கின. சிலர் கப்பலேறித் தெற்கே போனார்கள். தியாமின் படகு ஒரு காலையில் துறையில் இல்லை. அவ்வளவுதான். புன்கிம் பள்ளிக்கூட முன்னறையில் உட்கார்ந்து, தினமும் தேதியை மாற்றி, முத்திரை குத்திக்கொண்டிருந்தான். எழுத்து கொஞ்சம் மழுங்கட்டும் என்று மை அதிகமாகத் தொட்டுப் பார்த்தான். பித்தளை அதற்கெல்லாம் மசியவில்லை.

மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. மன்னர் ஆணைக்காக வளர்த்திருந்த சடையைப் புன்கிம் வெட்டிக்கொண்டான். அமாய்க்கு மாற்றலாகிப் பெரிய ஆபீஸில் கவுண்டருக்கு வந்தான். கல்யாணம் தள்ளித் தள்ளி நின்றே போயிற்று. இரவு வகுப்பை மட்டும் விடவில்லை. அங்கே புதிதாக ஒரு பாதிரியம்மா வந்திருந்தாள். தபால் வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் படுகிறவரிடமெல்லாம் ஊர் கேட்டு அதில் பென்சிலால் புள்ளி வைப்பது அவளுக்கு விருப்பமான வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கரைத் தீவுக்குப் போக அவளுக்குத் துணையாகப் புன்கிம் படகேறினான்.

ஏறி உட்கார்ந்து, படகு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்த பிறகுதான் துடுப்புப் போடுகிறவளைப் பார்த்தான். லுவான். முகம் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. அவள் அவனைப் படியில் இறங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

"விட்டாலும் ஓடாது" என்றாள்.

அவன் ஒரு கையை எடுத்தான். "அப்பா?"

"போய் ரெண்டு வருசமாச்சு. கடைசிவரைக்கும் வாய் ஓயல. மந்திரம் சொல்ல வந்த சாமியாரையே சிரிக்க வெச்சுட்டுத்தான் போனாரு."

பாதிரியம்மா வரைபடத்தை மடியில் விரித்து, புன்கிம்மிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "இந்தப் பொண்ணு எந்த ஊருன்னு கேளுங்களேன்."

புன்கிம் லுவான் பக்கம் திரும்பினான். "எந்த ஊருன்னு கேக்கறாங்க."

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?" துடுப்பு இரண்டு தடவை விழுந்து எழுந்தது. "காங்சூன்னு சொல்லுங்க."

சொன்னான். பாதிரியம்மாவின் விரல் ஆற்றின் வழியாக மேலே ஏறியது. "காங்சூன்னு ஒண்ணும் இல்லையே. இந்த வளைவுல யாப்சூன்னு ஒரு ஊர் இருக்கு. அதுக்குப் பக்கமா?"

"அதேதான், அம்மா."

"ஒரே ஊருக்கு ரெண்டு பேரா? எது சரி?"

"என்ன கேக்கறா அந்தம்மா?" என்றாள் லுவான்.

"எந்தப் பேர் சரின்னு."

"மூணு பேரக் கேட்டுக்கச் சொல்லுங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. துடுப்பை மாற்றிப் பிடித்துக்கொண்டே, படகுக்காரி கூலி சொல்வதுபோலச் சொன்னாள். புன்கிம் பாதிரியம்மாவின் பக்கம் திரும்பினான்.

"காங்சூதான் சரி, அம்மா."

"யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

பாதிரியம்மா அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். வகுப்பில் அவன் இவ்வளவு உறுதியாக ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை. பென்சிலை எடுத்தாள். பிறகு அச்சிட்ட எழுத்தைப் பார்த்துத் தயங்கினாள். "ஆனா அச்சாயிருக்கே. அரசாங்க மேப். அவங்க விசாரிக்காமலா போட்டிருப்பாங்க?" அலை ஒன்று விளிம்பில் மோதித் தெறித்தது. காகிதம் நனைந்துவிடும் என்று அவசரமாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

தீவுத் துறையில் பாதிரியம்மா முதலில் இறங்கி மேலே போனாள். புன்கிம் எழுந்து நின்றவன் இறங்காமல் நின்றான். சொல்ல வேண்டியதை அவன் பல வருஷமாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தான். முதலில் இது, பிறகு இது என்று. வாயில் வந்தது வேறு.

"அன்னிக்கு அந்த முட்டை..." என்றான்.

"நான்தான் சாப்பிட்டேன்" என்றாள் லுவான். "அப்பா தொட மாட்டேன்னுட்டாரு. வீணாக்க மனசு வரல. ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் கழியை ஊன்றிப் படகை நிறுத்திக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "படியெல்லாம் எப்படி இருக்கு? போயிருந்தீங்களா?"

அந்த ஆபீஸைச் சரிபார்க்கப் போன மாசம்தான் போயிருந்தான். "சிப்பி ஏறிக் கெடக்கு. யாரும் சுரண்டறதில்ல."

"வழுக்குமே" என்றாள். அவள் முகத்தில் முதல்முறையாக வருத்தம் தெரிந்தது. ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் அவள் கண் முன்னால் நிற்பதுபோல அந்தப் பக்கம், ஆறு வந்து சேரும் பக்கம் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பாத்து எறங்குங்க. இங்கயும் வழுக்கும்."